படியில் ஏறும் கால் வாசலில் நிற்பது ஏன்? கோத்தகிரியில் ஒரு பார்கின்சன் மூளை அலைப் பதிவு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

அந்த அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இலங்கை மலையகத்தில் பிறந்து, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சிறு வயதில் குடும்பத்தோடு தாயகம் திரும்பியவர். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்யும் வயது முழுக்கக் கொழுந்து பறித்திருக்கிறார். மகன் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். மாத்திரை, சாப்பாடு எல்லாம் மருமகள் பொறுப்பு. பெயரும் ஊரும் மருத்துவமனையும் இங்கே வேண்டாம். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நோய் வலது கையில் தொடங்கியிருக்கிறது. முதலில் வந்தது நடுக்கம் இல்லை, மந்தம். இரண்டு கையாலும் பறிக்கும்போது வலது கை பின்தங்கியது, சாயங்கால எடையில் அது தெரிந்தது. மேஸ்திரி திட்டினார். கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம் அப்புறம்தான் வந்தது. மலையிலேயே இருக்கும் மருத்துவர் உடலைப் பரிசோதித்துப் பார்கின்சன் என்று முடிவு செய்து லெவோடோபா–கார்பிடோபா தொடங்கினார். மருந்து நன்றாகப் பிடித்தது. சில ஆண்டுகள் தொந்தரவில்லாமல் போயின.

பிறகு வந்த பிரச்சினைதான் எங்களை அங்கே கொண்டுபோனது. வீட்டு நிலைவாசலுக்கு வந்ததும் அம்மாவின் கால் நின்றுவிடும். "ஒட்டிக்குது சார், பசை போட்ட மாதிரி" என்று அவரே சொன்னார். மகனுக்கோ வேறு சந்தேகம். லைன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் கல்படியில் அதே அம்மா மளமளவென்று ஏறிவிடுகிறார். பக்கத்து வீட்டுக்காரம்மா கை தட்டி "வாங்க போலாம்" என்றால் கிளம்பிவிடுகிறார். வீட்டார் கூப்பிட்டால் மட்டும் நிற்கிறார். "ஏறுறது கஷ்டமா, சமதரை கஷ்டமா? இது நோயா, வீம்பா சார்?" என்று மருத்துவரிடமே கேட்டிருக்கிறார். கூடவே, மூளைக்குள் கம்பி வைக்கும் ஆபரேஷன் பற்றிய வீடியோ ஒன்றைக் காட்டி அது தன் அம்மாவுக்குச் சரிவருமா என்றும் கேட்டிருக்கிறார்.

சமதரையில் உறையும் பார்கின்சன் கால் படியில் ஓடுவது மருத்துவத்தில் பழைய செய்தி. ஒவ்வொரு படியும் "அடுத்து இங்கே வை" என்று கண்ணுக்குச் சொல்கிறது. சமதரை ஒன்றும் சொல்வதில்லை, அங்கே மூளை தானாகவே தொடங்க வேண்டும். இதை மருத்துவர் மகனிடம் பலமுறை சொல்லியும் அவர் முழுதாக நம்பவில்லை. அசைவுக்கு முந்தைய மூளை அலையைக் கோவையில் பதிந்துகொண்டிருந்த எங்கள் சிறு குழுவுக்கு மருத்துவரின் அழைப்பு வந்தது அந்தக் கட்டத்தில்.

எதை அளக்கிறோம்

கை அசைவதற்கு முன்பே மூளையில் அதன் தயாரிப்பு தொடங்கிவிடுகிறது. 1965ல் ஜெர்மனியில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் இதைக் காட்டினார்கள். ஆள் தன் விருப்பப்படி விரலை அசைப்பதற்கு ஒரு நொடிக்கும் முன்பிருந்தே உச்சந்தலையில் மெல்லிய மின்னழுத்த மாற்றம் தொடங்குகிறது. இதைத் தயாரிப்பு மின்னழுத்தம் என்போம். சில மைக்ரோவோல்ட் அளவுதான் என்பதால், பல அசைவுகளை அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

நாங்கள் முக்கியமாகப் பார்த்தது இன்னொன்று, நொடிக்கு 13 முதல் 30 தடவை அலையும் பீட்டா. உடல் ஒரே நிலையில் இருக்கும்வரை அசைவுப் புறணியில், அதாவது அசைவை நடத்தும் மூளை மேற்பரப்பில், இந்த அலை ஓங்கி நிற்கும். அசையப் போகும்போது தாழும். அசைந்து முடித்ததும் முன்னைவிட உயர்ந்து எழும். திறந்த மூளையின் மேலேயே மின்முனை வைத்துப் பதிந்த ஜாஸ்பரும் பென்ஃபீல்டும் 1949லேயே, கையை அசைக்கும்போது இந்த அலை அடங்குவதை எழுதிவிட்டார்கள். பார்கின்சனில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் இந்தத் தாழ்வு தாமதமாகத் தொடங்குகிறது, பிந்தைய எழுச்சியும் குறைகிறது. லெவோடோபா வேலை செய்யும்போது இரண்டும் ஓரளவு திரும்புகின்றன.

மகனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, மேட்டில் நிறுத்திய வண்டிக்குப் போட்டிருக்கும் ஹேண்ட் பிரேக் என்றேன். வண்டி நகர வேண்டுமானால் முதலில் அது இறங்க வேண்டும். அம்மாவுக்கு அது இறங்க நேரமாகிறதா என்று பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான். "அப்ப இன்ஜின்ல கோளாறு இல்லையா?" என்று உடனே திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. தசையிலும் நரம்பிலும் பலம் இருக்கிறது, தொடக்கத்தில்தான் சிக்கல் என்று மருத்துவர் விளக்கினார்.

ஒன்றை முதலிலேயே எழுத்தில் கொடுத்தோம். இந்தப் பதிவு நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் சோதனை அல்ல. அதை மருத்துவரின் கண்ணும் கையும்தான் முடிவு செய்யும், இங்கே ஏற்கெனவே செய்தும் விட்டன.

கருவியை மலையேற்றியது

மருந்து இல்லாத நிலையையும் மருந்து பிடித்த நிலையையும் ஒப்பிட வேண்டும். அதற்கு வழக்கமான முறை, முந்தைய இரவோடு மருந்தை நிறுத்தி 12 மணி நேரம் கழித்துப் பதிவது. அந்த நிலையில் ஒருவரை மேட்டுப்பாளையம் வளைவுகளில் இறக்கிக் கோவைக்குக் கொண்டுவருவது அநியாயம். விறைத்த உடம்பு, வண்டியில் குமட்டல், இறங்கினால் நடக்க முடியாது. எனவே நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார், நாங்கள் ஏறினோம். கருவி ஒரு முதுகுப் பையில் அடங்கும். கோத்தகிரி மருத்துவமனையில் ஓர் அறை கிடைத்தது.

12 மணி நேரத்துக்கு மேல் நிறுத்துவதில்லை என்றும், நடுவில் எப்போது வேண்டுமானாலும் அம்மா "மாத்திரை கொடுங்க" என்றால் கேள்வி கேட்காமல் கொடுப்பதென்றும் சம்மதப் படிவத்தில் எழுதி, வாசித்தும் காட்டினோம். லெவோடோபாவைத் திடீரென நீண்ட நேரம் நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருத்துவர் அறையிலேயே இருந்தார்.

தலைமுடி எங்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை. எண்ணெய் வைத்த தலையில் மின்முனை பிடிக்காது. தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள் என்று கோவையில் சொல்வது போல இங்கே சொல்ல முடியாது. ஜனவரியில் கோத்தகிரியில் விடியற்காலைத் தலைக்குளியல் என்றால் அறுபது வயது உடம்பு என்ன ஆகும்? முந்தைய நாள் மதிய வெயிலில் சீயக்காய் போட்டுக் குளிக்க வைத்து, இரவு எண்ணெய் தொடாமல் விடும்படி மருமகளிடம் சொன்னோம். அவர் சொன்னதைச் சரியாகச் செய்திருந்தார். காலையில் கொண்டையை அவிழ்த்து வகிடு வகிடாகப் பிரித்துக் கொடுத்தவரும் அவர்தான். மின்முனைக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கியது அந்த விரல்களால் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதிவு நாளில் கண்டவை

தலையில் போட்ட மின்முனைகளோடு, வலது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தசையிலும், முன்கையின் இரு பக்கத் தசைகளிலும், கழுத்திலும், தாடைக்குக் கீழேயும் தசை மின்முனைகள் ஒட்டினோம். வேலை எளியது. கொழுந்து கிள்ளுவது போல இரு விரலால் ஒரு சிறிய அழுத்த உணரியைக் கிள்ள வேண்டும். ஒரு சுற்றில், எப்போது கிள்ளுவது என்பது அம்மாவின் விருப்பம், நடுவே சில நொடி இடைவெளி விட்டால் போதும். மறு சுற்றில், டொக் என்ற ஒலி சீராகக் கேட்கும், அதோடு கிள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் சராசரி எடுக்கப் போதுமான அளவுக்குக் குறைந்தது 40 அசைவுகள்.

காலை 7 மணிக்கு முதல் சுற்று. திரையில் வந்தது எதிர்பார்த்த உருவமே இல்லை. முன்கையில் நொடிக்கு 4 முதல் 6 துடிப்பு வரும் பார்கின்சன் நடுக்கம் சீராக, இரு பக்கத் தசைகளும் மாறி மாறிச் சுருங்கி வந்தது. அது புரிந்தது. அதன் மேலே ஒழுங்கில்லாத வேறொரு துடிப்பும் ஓடியது. கழுத்துத் தசையில் அது அதிகம், தலையின் பின்பக்க மின்முனைகளில் அதன் கறை. பிசியோதெரபிஸ்ட் அம்மாவின் தோளில் கை வைத்துப் பார்த்து, "குளுருது" என்றார். அவ்வளவுதான் விஷயம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கேட்டால் "பரவால்ல சார்" என்பார். அந்தத் தலைமுறை தோட்டத் தொழிலாளிகளிடம் வசதியாக இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை, எல்லாவற்றுக்கும் பரவாயில்லைதான் பதில்.

அந்தச் சுற்றை ஒதுக்கிவிட்டு நிறுத்தினோம். ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்கி, பதியும்போது அணைத்தோம். ஓடும் ஹீட்டர் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கொண்டுவரும், அந்த அறையின் மின்னழுத்தத்தையும் இழுத்தது. கருவியும் மடிக்கணினியும் பேட்டரியில் ஓடின. காலுக்கு வெந்நீர்ப் பை, தோளுக்குச் சால்வை. கழுத்துத் தசை அடங்கிய பிறகுதான் மறுபடி தொடங்கினோம்.

மருந்தில்லாத நிலையில், தன் விருப்பத்தில் கிள்ளிய சுற்றில் பீட்டாத் தாழ்வு, வலது கையை நடத்தும் இடப்பக்க அசைவுப் பகுதியில் மிகத் தாமதமாக, ஏறக்குறைய விரல் அசையும் நேரத்தை ஒட்டித்தான் தொடங்கியது. பிந்தைய எழுச்சி சன்னமாக இருந்தது. ஒலியோடு கிள்ளியபோது தாழ்வு முன்னதாகவே வந்தது. மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பதிந்தபோது விருப்பச் சுற்றிலும் தொடக்கம் தெளிவாக முன்னால் நகர்ந்தது. ஏற்கெனவே பலர் கண்டு எழுதியதோடு இது ஒத்துப்போகிறது, வியக்க ஒன்றுமில்லை.

வியப்பு மருந்தில்லாத விருப்பச் சுற்றுக்குள்ளேயே இருந்தது. அசைவுகளை ஒன்றொன்றாகப் பார்த்தபோது, சுற்றின் பின்பாதியில் ஒரு தொகுப்பு மட்டும் நல்ல தாழ்வைக் காட்டியது, ஒலி கேட்டுச் செய்தது போலவே. மருந்து இல்லை, ஒலியும் இல்லை. தாடைக்குக் கீழே ஒட்டிய மின்முனையைப் பார்த்தோம். அதே நேரத்தில் அங்கே சிறு சிறு அசைவு. வீடியோவில் அம்மாவின் உதடுகள் அசைகின்றன. பதிவு முடிந்ததும் மருமகளைக் கேட்டோம். "பாட்டு முணுமுணுப்பாங்க சார். மலையில கொழுந்து எடுக்கறப்ப எல்லாருமே அப்படித்தான்." அம்மாவுக்குத் தான் முணுமுணுத்ததே தெரியவில்லை.

இங்கே அவசரப்படக் கூடாது. தாடைத் தசையின் மின்சாரம் தலை மின்முனைகளுக்குள் புகுந்து, பீட்டா போலத் தோற்றம் காட்டக்கூடியதுதான். ஆனால் தசை இரைச்சல் அலையின் அளவைக் கூட்டும், குறைக்காது. நாங்கள் கண்டது தாழ்வு. எனவே அதைத் தசையின் வேலை என்று தள்ள முடியவில்லை. வேறொரு சாத்தியம், சுற்று போகப் போகப் பழகிவிட்டார் என்பது. அதைச் சோதிக்க, மருத்துவரிடமும் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு, இன்னொரு நாள் மருந்தில்லாத நிலையில் சிறு பதிவு ஒன்று எடுத்தோம். வாயை மூடி ஒரு தொகுப்பு, மனசுக்குள் பாடி ஒன்று, வாய்விட்டு முணுமுணுத்து ஒன்று, வரிசையைக் கலைத்துக் கலைத்து. வாய்விட்டபோதும் மனசுக்குள் பாடியபோதும் தாழ்வு முன்னால் வந்தது, சும்மா இருந்தபோது பின்னால் போனது. வாய்விட்டதற்கும் மனசுக்குள் பாடியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பேச அந்த எண்ணிக்கை போதாது.

தயாரிப்பு மின்னழுத்தத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது மெதுவாக ஏறும் அலை, ஹீட்டர் சூட்டில் வந்த வியர்வை அதைக் கெடுத்துவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முடிவெடுத்தவர் சிகிச்சை மருத்துவர். நாங்கள் பதிவைக் கொடுத்தோம், கேட்டதற்குப் பதில் சொன்னோம்.

குடும்பம் எதிர்பார்த்தது மாத்திரை அளவைக் கூட்டுவது. அவர் கூட்டவில்லை. பதிவுக்காக மருமகள் எழுதிவந்த குறிப்பைப் பார்த்தார். அதில் மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, மதிய மாத்திரை எப்போதும் முட்டையோடும் பருப்போடும். லெவோடோபா ஓர் அமினோ அமிலம். குடலிலிருந்து இரத்தத்துக்கும் இரத்தத்திலிருந்து மூளைக்கும் போக, உணவுப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களோடு ஒரே வாசலுக்குப் போட்டி போட வேண்டும். மதியம் "மாத்திரை வேலையே செய்யல" என்று சொன்னதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அளவை மாற்றாமல், சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் மாத்திரை என்று மாற்றினார். என் கணிப்பில் இந்த வழக்கில் மிக மலிவான, மிகப் பயனுள்ள முடிவு இதுதான். அதற்கு மூளை அலைப் பதிவு தேவையே இல்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும். பதிவு இல்லாவிட்டால் அந்த நோட்டை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

இரண்டாவது, வாசலுக்குக் குறிப்பு. நிலைவாசலின் இரு பக்கமும் சிமென்ட் தரையில் குறுக்காக மஞ்சள் டேப், அம்மா ஓர் எட்டு எடுத்து வைக்கும் தூரத்துக்கு ஒன்று. கோட்டைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும். கல்படி செய்யும் வேலையை டேப் சமதரையில் செய்யும் என்பது எண்ணம். கால் ஒட்டிக்கொண்டால் பாட்டை எடுக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். மற்றவர்கள் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று வீட்டாருக்குக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. இழுத்தால் உடம்பு முன்னால் போகும், கால் பின்னால் நிற்கும், விழுவார்.

மூன்றாவது, ஆபரேஷன். 1987ல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் குழுவினர் தொடங்கிய ஆழ்மூளைத் தூண்டல், மகன் வீடியோவில் காட்டிய அந்தக் கம்பி வைக்கும் முறை, இன்று வெகுதூரம் வந்துவிட்டது. மூளைக்குள் பதியும் பீட்டாவைப் பார்த்துத் தூண்டலைத் தானே கூட்டிக் குறைக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2025ல் அனுமதியும் கிடைத்திருக்கிறது. மகனின் கேள்வியில் தவறில்லை. ஆனால் மாத்திரை நேரத்தையே சரிசெய்யாத நிலையில் அதைப் பேசுவது சீக்கிரம் என்றார் மருத்துவர். மருந்து பிடித்திருக்கும் நேரத்திலும் நீங்காத உறைதல் அந்த ஆபரேஷனாலும் பெரும்பாலும் நீங்காது என்பதையும் சொன்னார். மறுத்துவிடவில்லை, தள்ளி வைத்தார்.

தொடர்ந்து நடந்தவை

வரைபடத்தை மகனுக்குக் காட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு கோடு, ஒன்று முன்னால் இறங்குகிறது, ஒன்று பின்னால். அவர் தாமதமாக இறங்கிய கோட்டின் மேல் விரலை வைத்து, "அப்ப அவங்க வேணும்னு நிக்கல" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வரைபடத்தை எதற்கெல்லாம் சான்றாக எடுக்கக் கூடாது என்று நாங்கள் அடுக்கிய எச்சரிக்கைகள் அவருக்கு எவ்வளவு எட்டின என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு வீட்டில் திட்டு குறைந்தது என்றார் மருமகள்.

மதிய நேரத்துத் தேக்கம் சில வாரங்களில் வெகுவாகக் குறைந்தது. வாசலில் நிற்பதும் குறைந்தது, ஆனால் நின்றுபோகவில்லை. ஆள் கூட்டமாக இருந்தாலோ, யாராவது "சீக்கிரம்" என்றாலோ பழையபடிதான். விடியற்காலை, முதல் மாத்திரைக்கு முன்னால் கட்டிலிலிருந்து எழும் சிரமம் அப்படியே இருந்தது. அதற்கு மருத்துவர் இரவு மருந்தைத் தனியாகப் பரிசீலித்தார்.

டேப் மழைக்குத் தாங்கவில்லை. கோத்தகிரியில் வடகிழக்குப் பருவத்தில் தரை காய்வதே இல்லை. ஓரம் கிளம்பி, அதுவே தடுக்கும் நிலைக்கு வந்ததும் மகன் கிழித்துப் போட்டுவிட்டுப் பெயின்ட் அடித்தார். அது நிற்கிறது. அந்த மழையில் ரோட்டோரச் சேற்றில் அம்மா ஒரு முறை விழுந்தார், எலும்பு முறியவில்லை. வெளியில் கோடு போட முடியாது என்பதால் அங்கே பாட்டு ஒன்றே துணை. ஆட்கள் முன்னால் வாய்விட்டு முணுமுணுக்க வெட்கப்படுகிறார் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். ஊன்றுகோலைத் தரையில் தட்டித் தாளம் பிடிப்பதாக மாற்றிக்கொண்டார்கள்.

மருந்து நேரம் மாற்றிய பிறகு இன்னொரு பதிவு எடுக்க எண்ணியிருந்தோம். மழையில் மரம் விழுந்து சாலை அடைபட்டது, பிறகு அம்மாவே வேண்டாம் என்றார். தலையில் களிம்பு போட்டுக் கழுவுவது அவருக்குப் பிடிக்கவில்லை. கட்டாயப்படுத்த எங்களுக்கு உரிமையில்லை. எனவே நடையில் வந்த முன்னேற்றத்துக்கு மூளை அலையிலிருந்து எங்களிடம் சான்று இல்லை. வீட்டாரின் குறிப்பும் மருத்துவரின் பரிசோதனையும்தான் இருக்கின்றன.

அடுத்து மாற்ற வேண்டியவை

மலையில் பதிவதென்றால் நேரத்தைப் பின்னால் தள்ள வேண்டும். கடைசி மாத்திரையை இரவு 7 மணிக்குப் பதிலாக 10 மணிக்கு எடுத்தால் மறுநாள் காலை 10 மணிக்கு 12 மணி நேரம் ஆகிவிடும், வெயிலும் வந்திருக்கும். ஹீட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம், வியர்வையும் இராது.

கழுத்து, தாடை மின்முனைகளும் முகத்தைக் காட்டும் வீடியோவும் கட்டாயம். சில ஆய்வகங்களில் கையில் மட்டும் தசை மின்முனை வைப்பார்கள். இங்கே கழுத்து மின்முனை குளிரைப் பிடித்தது, தாடை மின்முனை பாட்டைப் பிடித்தது. "உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்" என்று சொல்லும் சுற்றில் ஆள் உள்ளுக்குள் எண்ணுகிறாரா, பாடுகிறாரா, ஜெபிக்கிறாரா என்று முடிவில் கேட்டு எழுத வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தாளத்தோடு கை வேலை செய்தவர்களிடம் இதைக் கேட்காமல் விருப்ப அசைவு என்று பெயர் போடுவது சரியில்லை.

மாத்திரை, சாப்பாடு, தூக்கம் மூன்றையும் பதிவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் எழுத வைப்போம்.

ஒப்பீட்டுக்கு ஆள் இல்லாததுதான் இந்தப் பதிவின் பெரிய குறை. தாமதம் என்று நாங்கள் சொன்னது அந்த அம்மாவின் மருந்து நிலையோடு மட்டும் ஒப்பிட்டுத்தான். அதே வயதில், அதே வேலை பார்த்த, நோயில்லாத ஒருவருக்கும் பாட்டு இந்த அளவுக்கு வேலை செய்கிறதா என்று பார்த்திருந்தால், முணுமுணுப்பு நோயைச் சமாளிக்க வந்ததா, தொழில் தந்த பழக்கமா என்று பிரித்திருக்கலாம். அம்மாவோடு அதே மலையில் பறித்த பக்கத்து வீட்டுக்காரம்மா, கை தட்டிக் கூப்பிடுபவர், உட்காரச் சம்மதித்திருக்கிறார். மழை விட்டதும் அவரிடமிருந்து தொடங்குவோம்.